நுழைவுத் தேர்வை எத்தனை முறை எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். ரிசல்ட் வந்த அன்று ராத்திரியே போன் வந்துவிடும். "இன்னொரு தடவை எழுதட்டுமா?" என்று பிள்ளை கேட்கும். மறுநாள் காலையில் அதே கேள்வியை அம்மாவோ அப்பாவோ வேறு குரலில் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை முறை எழுதலாம்?

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முறை. மூன்றாவது முறைக்குத் தெளிவான காரணம் வேண்டும். நான்காவது முறை என்று வந்தவர்களிடம் பெரும்பாலும் "வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

எந்தத் தேர்வு என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. போன்ற தேர்வுகள் வருடத்தில் பல முறை நடக்கும். அங்கே இன்னொரு முறை எழுதுவதற்கு ஒரு காலைப் பொழுதும், கட்டணமும், சில வார உழைப்பும் போகும். நீட், சீனாவின் காவோகாவ், தென்கொரியாவின் சுனுங் எல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை. அங்கே "இன்னொரு முறை" என்றால் பதினெட்டு வயதில் ஒரு முழு வருடம். இந்த இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்பவரை நம்பாதீர்கள்.

விதிப்படி எத்தனை முறை அனுமதி?

தேர்வுக்குத் தேர்வு மாறும். முடிவெடுக்கும் முன் அந்த வருடத்துக்கான தகவல் குறிப்பேட்டை நீங்களே திறந்து படிக்க வேண்டும். யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதைப் படித்தால் போதாது.

எஸ்.ஏ.டி.க்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஏ.சி.டி.யை மொத்தம் 12 முறை எழுதலாம். பிரிட்டனில் மருத்துவப் படிப்புக்கான யூகேட் தேர்வை ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். இலங்கையில் உயர்தரப் பரீட்சையை வைத்துப் பல்கலைக்கழகம் போவதற்கு மூன்று தடவைதான் கணக்கு. இந்தியாவில் பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு செஷன் எழுதலாம். இரண்டு செஷனில் எது நல்லதோ அந்த ஸ்கோர்தான் ரேங்குக்குப் போகும். நீட்டுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, வயது உச்சவரம்பையும் 2022ல் எடுத்துவிட்டார்கள்.

ஐ.ஐ.டி.களில் சேர்வதற்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில் பாடம் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை என்பதுதான் விதி. 2024 நவம்பர் 5ஆம் தேதி அதை மூன்று முறையாக உயர்த்தி அறிவித்தார்கள். நவம்பர் 18ஆம் தேதி அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இந்த இரண்டு வாரத்துக்குள் மூன்றாவது வாய்ப்பை நம்பிக் கல்லூரியை விட்டு வந்துவிட்ட மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஜனவரியில் அவர்களுக்கு மட்டும் பதிவு செய்ய அனுமதி கிடைத்தது. அறிவிப்பு வந்த வேகத்தில் கையில் இருக்கும் சீட்டை விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபடி எழுதுவதற்கே விலை வைக்கும் நாடுகளும் உண்டு. துருக்கியில் போன வருடம் ஒரு படிப்பில் இடம் பெற்றுவிட்டு இந்த வருடம் மறுபடி எழுதினால், பள்ளி மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் எடை பாதியாகிவிடும். இப்படிப்பட்ட சின்ன எழுத்து விதிகள் உங்கள் தேர்விலும் இருக்கலாம்.

ஒன்றுமே மாற்றாமல் மறுபடி எழுதினால் மார்க் கூடுமா?

கொஞ்சம் கூடலாம், குறையவும் செய்யலாம். ஒரு நாள், ஒரு வினாத்தாள் ஒருவருடைய திறமையைத் துல்லியமாக அளந்துவிடாது. எஸ்.ஏ.டி. ஸ்கோர் அறிக்கையிலேயே ஒரு எண்ணோடு ஒரு வீச்சையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: ஒரு பிரிவில் 620 வாங்கியிருந்தால், இன்னொரு நாள் எழுதினால் முன்பின் 30 புள்ளி வாக்கில் எங்கேயும் விழுந்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். ஆகவே 620, 640 ஆனால் அது முன்னேற்றமா, அந்த நாளின் அசைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். பிரான்சிஸ் கால்டன் 1886ல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து ஒன்றைக் காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்குகிறார்கள், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் ஏறுகிறார்கள். தேர்விலும் அப்படித்தான். வழக்கத்தைவிட மோசமாக ஒரு நாள் போயிருந்தால், அடுத்த முறை எதையும் செய்யாமலே மேலே வர வாய்ப்பு அதிகம். வழக்கத்தைவிட நன்றாகப் போயிருந்தால், மறுபடி எழுதும்போது இறங்கவும் வாய்ப்பு அதிகம்.

சரி, போன தடவை வழக்கம்போலப் போனதா, மோசமாகப் போனதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் மாக் டெஸ்ட். உண்மையான நேரக் கட்டுப்பாட்டோடு எழுதிய கடைசி ஆறு மாக் டெஸ்டுகளின் சராசரியை எடுங்கள். அதைவிட உண்மைத் தேர்வில் நிறையக் குறைந்திருந்தால் (காய்ச்சல், பதற்றம், விடைத்தாளில் வட்டம் மாறிப்போனது, எதுவாகவும் இருக்கட்டும்) மறுபடி எழுதுவது நியாயம். மாக் சராசரியும் தேர்வு ஸ்கோரும் ஒட்டி இருந்தால், வந்திருப்பது உங்கள் இன்றைய அளவுதான். அதே படிப்பை அப்படியே திரும்பச் செய்தால் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

அப்படியானால் இரண்டாவது முறை எழுதுவதில் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. எஸ்.ஏ.டி. எழுதியவர்களை வைத்து 2018ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 1190 வாங்கியவர் மறுபடி எழுதுகிறார், 1200 வாங்கியவர் "போதும்" என்று நிறுத்திவிடுகிறார். பத்துப் புள்ளிதான் வித்தியாசம், ஆனால் நூறுகளின் இலக்கம் மாறியதும் மனசு மாறிவிடுகிறது. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மறுபடி எழுதியது ஸ்கோரைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியதும், நான்கு வருடக் கல்லூரியில் சேரும் வாய்ப்பைக் கூட்டியதும் தெரிந்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பலன் இன்னும் அதிகம். ஆனால் அவர்கள்தான் குறைவாக மறுபடி எழுதுகிறார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து, "ஒரு தடவை எழுதியாச்சு, நம்மால முடிஞ்சது இவ்வளவுதான்" என்று சொல்லும் பிள்ளையிடம் நான் சும்மா இருப்பதில்லை. பலமுறை நடக்கும் தேர்வு என்றால் இரண்டாவது முறை கட்டாயம் எழுதுங்கள். கட்டண விலக்கு இருக்கிறதா என்று கேளுங்கள், எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டிலும் அமெரிக்காவில் தகுதியுள்ளவர்களுக்கு அது உண்டு.

கட்-ஆஃபுக்கு 40 மார்க்தான் குறைவு. இன்னொரு வருடம் படித்தால் எட்டிவிட மாட்டேனா?

எந்த வருடத்து 40 மார்க்? இதை யாரும் யோசிப்பதில்லை. போட்டித் தேர்வில் மார்க் ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. நீட்டையே பாருங்கள். 2024ல் 720க்கு 720 வாங்கியவர்களே பலர் இருந்தார்கள். 2025ல் வினாத்தாள் கடினம், முதலிடம் பிடித்தவரே 686தான். முந்தைய வருடக் கட்-ஆஃபை இலக்காக எழுதிச் சுவரில் ஒட்டியவர்களின் கணக்கெல்லாம் தப்பிப்போனது.

அதனால் மார்க்கைப் பார்க்காதீர்கள், ரேங்கைப் பாருங்கள். உங்களுக்கும் நீங்கள் விரும்பும் சீட்டுக்கும் நடுவில் எத்தனை பேர்? 2024ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நடுப்பகுதியில் கூட்டம் நெருக்கமாக இருக்கும், அங்கே சில மார்க்கில் ஆயிரக்கணக்கான இடங்கள் தாண்டலாம். மேலே போகப்போக ஒவ்வொரு மார்க்கும் கஷ்டம். ரேங்கில் பார்த்துவிட்டு, "இந்த இடைவெளியை என்னைப் போல ஒருவர் ஒரு வருடத்தில் தாண்டியதை நேரில் பார்த்திருக்கிறேனா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எங்கே மார்க் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்தப் பக்கத்திலும் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். ஒரு பையனோடு உட்கார்ந்த மதியத்தைச் சொல்கிறேன். நீட்டில் 483 வாங்கியிருந்தான். "பயாலஜில விட்டுட்டேன், கெமிஸ்ட்ரி முழுசா மறுபடி படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். விடைக்குறிப்பையும் அவன் விடைத்தாள் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் போனோம். 180 கேள்வியில் 131 சரி, 41 தப்பு, 8 தொடவில்லை. சரியான விடைக்கு நான்கு மார்க், தப்புக்கு ஒன்று கழியும்; 524ல் 41 கழித்தால் 483, கணக்குச் சரி.

அந்த 41 தப்பையும் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னேன். தெரியாமலே குருட்டாம்போக்கில் போட்டது 12. இரண்டு விடைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தப்பானதைத் தேர்ந்தது 18. நன்றாகத் தெரிந்தும் விட்டது 11. இந்தப் பதினொன்றில் நான்கு, "கீழ்க்கண்டவற்றுள் தவறானது எது" என்ற கேள்விகள், சரியான வாக்கியத்தைப் பார்த்ததும் வட்டம் போட்டிருந்தான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

தப்பான ஒரு விடையைச் சரியாக்கினால் நான்கு வரும், போன ஒன்றும் திரும்பும், ஆக ஐந்து. 11 கேள்விக்கு 55 மார்க். குருட்டாம்போக்கில் போட்ட 12ல் சிலதை விட்டிருந்தாலே இன்னும் சில மார்க். சிலபஸில் புதிதாக ஒரு வரி படிக்காமல் 540 பக்கம் வந்திருக்கலாம். அந்தப் பையனுக்கு இரண்டாவது முறை எழுதச் சொன்னேன், ஏனென்றால் எதை மாற்ற வேண்டும் என்று அவனுக்கே கண்ணில் தெரிந்துவிட்டது.

இன்னொரு பெண்ணின் தாளில் படம் தலைகீழ். தெரிந்தும் தப்பாகப் போட்டது மூன்றே மூன்று, மீதி எல்லாம் பௌதிகத்தில் அடிப்படையே பிடிபடாத கேள்விகள். அவளும் எழுதலாம், ஆனால் அது ரிவிஷன் வேலையாக இருக்காது, ஒன்பதாம் வகுப்பு விசை, வேகத்திலிருந்து கட்டி எழுப்ப வேண்டிய வேலை. அதற்கு மனமும் நேரமும் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இல்லை, எனக்கு அது பிடிக்கவே இல்லை" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

மூன்றாவது முறை எழுதலாமா?

ஒரு வாக்கியத்தை முடிக்கச் சொல்வேன்: "இந்தத் தடவை நான் வேறுமாதிரி செய்யப்போவது..." என்று. "இன்னும் கஷ்டப்பட்டுப் படிப்பேன்" என்று முடித்தால் வேண்டாம், அதைத்தான் போன தடவையும் சொன்னீர்கள். "வாரம் ஒரு முழு மாக், அதில் வந்த தப்பை மறுநாளே நோட்டில் எழுதி, மூன்று வாரம் கழித்து அதே கேள்விகளை மறுபடி போடுவேன்" என்று முடித்தால் பேசலாம். இரண்டு முறையிலும் ஸ்கோர் ஏறிக்கொண்டே வந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். முதல் முறை, இரண்டாம் முறை கிட்டத்தட்ட ஒரே எண் என்றால், வழியை மாற்றாத மூன்றாவது முறையும் அங்கேயேதான் வரும்.

கொரியாவில் இரண்டாம் முறைக்கு 'ஜேசு', மூன்றாம் முறைக்கு 'சம்சு' என்று தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் வருடம் விட்டுப் படிப்பவருக்கு, எஜமான் இல்லாத சாமுராயைக் குறிக்கும் 'ரோனின்' என்ற பெயர். எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்பவன் என்ற அந்த உணர்வு, மூன்றாவது வருடத்தில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தில் எனக்குத் தெரியும்.

கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுவதா, வருடத்தை விடுவதா?

பலமுறை நடக்கும் தேர்வுக்கு வருடத்தை விட வேண்டியதே இல்லை. வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் தேர்வில், இடைவெளி சின்னது, ஒழுங்கு இருக்கிறது என்றால் ஒரு வருடம் விடலாம், ஒரே ஒரு வருடம். அடுத்த முறையும் எழுதியே ஆக வேண்டும் என்றால் எங்கேயாவது சேர்ந்துகொண்டு எழுதுங்கள். படிக்க நேரம் குறையும், உண்மைதான். ஆனால் பேச நண்பர்கள் இருப்பார்கள், நாளுக்கு ஒரு வடிவம் இருக்கும், ரிசல்ட் தப்பினாலும் இரண்டாம் ஆண்டு உங்களுக்காகக் காத்திருக்கும். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியின் விலகல் விதியைப் படித்துவிடுங்கள். ஐ.ஐ.டி. சீட்டில் ஒரு தடவை சேர்ந்துவிட்டால் பிறகு அட்வான்ஸ்டு எழுதவே முடியாது.

பலமுறை எழுதியதைப் பார்த்துக் கல்லூரி தப்பாக நினைக்குமா?

ரேங்க் வைத்துச் சேர்க்கும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழாது. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. விஷயத்தில் பல கல்லூரிகள் வெவ்வேறு தேதிகளில் எழுதியவற்றிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் நல்லதை எடுத்துக் கூட்டிக்கொள்ளும். இதைத்தான் சூப்பர்ஸ்கோர் என்கிறார்கள். சில கல்லூரிகள் எல்லா ஸ்கோரையும் அனுப்பச் சொல்லும். இரண்டு, மூன்று முறைக்கு யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

கோச்சிங்கை மாற்றினால் போதுமா?

மாற்றும் முன் அந்த மூன்று பத்திக் கணக்கைப் போடுங்கள். தெரிந்தும் விட்ட தப்புகளுக்கு எந்தப் புது வகுப்பும் மருந்து கிடையாது.

மகனுக்கு இன்னொரு முறை எழுத விருப்பம் இல்லை. ஆனால் இரண்டு வருடம் உழைத்திருக்கிறான், இப்போது விட்டால் எல்லாம் வீண்தானே?

அந்த இரண்டு வருடம் எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராது. கையில் இருப்பது வரப்போகும் வருடம் மட்டும்தான். அதை எதில் போடுவது என்பதுதான் இன்றைய கேள்வி. படித்த உயிரியலும் வேதியியலும் அவனோடுதான் இருக்கின்றன, அடுத்துச் சேரும் படிப்பிலும் உதவும்.

உங்களிடம் ஒன்று மனம் விட்டுக் கேட்கிறேன். பிள்ளை சரியாகத் தூங்குகிறானா? முன்பு பேசிய நண்பர்களோடு பேசுகிறானா? தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறானா? "நான் இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி எப்போதாவது சொன்னானா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றைக்கே அவனோடு உட்காருங்கள், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். எத்தனையாவது முறை என்ற பேச்சே அதற்கப்புறம்தான். எழுதப்போவது அவன், அதனால் கடைசி வார்த்தையும் அவனுடையதாகவே இருக்கட்டும். "நீ நிறுத்தினாலும் எங்களுக்குச் சம்மதம்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகும் அவன் எழுதுகிறேன் என்றால், அது நல்ல அறிகுறி.

இந்த முடிவை எப்போது எடுக்க வேண்டும்?

தேர்வு முடிந்து, ரிசல்ட் வருவதற்கு முன். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்த ரேங்குக்கு மேல் வந்தால் சேர்ந்துவிடுவேன், எதற்குக் கீழே போனால் வேறு படிப்புக்குப் போவேன், நடுவில் வந்தால் எந்த நிபந்தனையோடு மறுபடி எழுதுவேன். தேதி போட்டு, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ரிசல்ட் வந்த ராத்திரியில் யோசிக்கும் மூளை வேறு. அன்றைக்கு அழுகையும் கோபமும் முடிவெடுக்கும், இந்தத் தாள் இருந்தால் அது அவற்றுக்குப் பதில் சொல்லும்.

ரிசல்ட் வந்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் மறுமுயற்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். சீட் ஒதுக்கும் கவுன்சிலிங்குக்கான பதிவை மட்டும் தவறவிடாதீர்கள், அதன் கடைசித் தேதி உங்கள் மனசு ஆறும்வரை காத்திருக்காது. எந்தச் சுற்று வரை அபராதம் இல்லாமல் விலகலாம் என்று விதியில் பார்த்து, அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். அதுவரை யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.